எண்ணாத பதினேழு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் கண் எப்படி இருக்கிறது, அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘காரியம் இருந்தால்தான் இவன் பேனாவைத் தேடுவான்’ என்று அத்தானிடம் சொல்வாய். காரியம்தான். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் உனக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை நீயே இட்டு நிரப்பிக்கொள்வாய்.

உன் பழைய ஆபீஸான வானாய்வுக்கூடத்தின் கண்ணாடி அறையிலிருந்து போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஆறு நோட்டுகள். பிரித்ததும் உன் கையெழுத்து. அறுபத்து நான்கு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி எத்தனை நட்சத்திரக் கொத்துகள் என்று கட்டம் கட்டமாக எண்ணி வைத்திருக்கிறாய். இருபத்தாறு வருஷமாக அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடந்திருக்கிறது.

எனக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். அணைந்துபோன நட்சத்திரம் தனியாக இருந்தால் அது பாட்டுக்கு ஆறிக்கொண்டே கிடக்கும். பக்கத்தில் ஒரு துணை இருந்தால், அதனிடமிருந்து வாங்கி வாங்கி, எடை தாங்காமல் ஒரு நாள் வெடித்துவிடும். கொத்து என்பது லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் நெரிசல். அங்கே துணை கிடைப்பது சுலபம். அப்படியானால் கொத்துகள் அதிகமாக உள்ள மண்டலத்தில் வெடிப்புகளும் அதிகமாக இருக்க வேண்டும், இல்லையா? இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. நிரூபிக்கத்தான் எண்ணிக்கை இல்லை. புதுக் கேமராக்கள் மண்டலத்தின் நடுப்பகுதியை மட்டும் பிடிக்கின்றன. ஓரத்துக் கொத்துகளுக்கு உன் நோட்டை விட்டால் வேறு கதியில்லை.

நீ எண்ணிய விதத்தை விவரமாக எழுது. எண்ணிக்கையெல்லாம் சரிதானே? உன்னைப் போய்க் கேட்கிறேன் பார்.

பிள்ளைகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை முற்றவில்லையாம், டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். அத்தான் முழங்காலைப் பற்றி நீ கேட்டாய் என்றதும் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். இனிமேல் கேட்காதே.

அந்த நோட்டுகளை எப்போதோ பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

எண்ணிய விதம் இதுதான். காலை ஒன்பதரைக்குக் கண்ணாடி அறையைத் திறப்பார்கள். வானத்தைப் படம் எடுத்த கண்ணாடித் தகடுகள், காகித உறையில் வைத்து, நிற்கவைத்தபடி அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்து, அடியில் விளக்கெரியும் மேஜையில் வைக்க வேண்டும். வானம் வெளுப்பாகவும் நட்சத்திரங்கள் கறுப்பாகவும் தெரியும். மண்டலம், தாளில் மை ஊறினாற்போல இருக்கும். அதைச் சுற்றி மிளகுத்தூள் சிந்தினாற்போலக் கொத்துகள். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, கட்டம் போட்ட சட்டத்தை மேலே நகர்த்தி, ஒவ்வொரு கட்டமாக எண்ணுவேன். எது கொத்து, எது குறுக்கே நிற்கும் சாதாரண நட்சத்திரம், எது தூசி என்று கண்தான் சொல்ல வேண்டும். எண்ணி முடித்ததும் தூரத்தில் வெறும் வானத்தை அதே அளவுக்கு எண்ணிக் கழிப்பேன். மறுநாள் திரும்ப எண்ணுவேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. ஒரு மண்டலத்துக்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று. பிரிவுத் தலைவர் சனிக்கிழமை காலை வந்து எத்தனை பக்கம் ஆயிற்று என்று மட்டும் பார்ப்பார்.

நீ இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறாய் என்றால், யாரையாவது விட்டுப் புதிதாக எண்ணச் சொல்லலாமே. கண்ணாடிகள் பத்திரமாகத்தான் இருக்கும். அப்போது எனக்கும் வயது முப்பத்திரண்டுதான், என்ன பெரிய அனுபவம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் போயிற்றா?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலும் போயிற்று, இருபது வருஷத்துச் சந்தேகமும் போயிற்று!

இன்று காலை கணக்கு முடிந்தது. அறுபத்து நான்கு மண்டலங்களும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் உள்ளவை, ஒரே அளவு காலம் கண்காணிக்கப்பட்டவை. அந்தப் பழைய கண்ணாடிகளில் பதிவான வெடிப்புகள் மொத்தம் இருபத்து மூன்று. உன் எண்ணிக்கைப்படி கொத்துகள் அதிகமுள்ள முப்பத்திரண்டில் பதினாறு. குறைவாக உள்ள முப்பத்திரண்டில் ஏழு. இரண்டு மடங்குக்கும் மேலே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்துபோய் வராந்தாவில் நின்றேன். காவலாளி ‘என்ன சார், வீட்ல ஏதாவது விசேஷமா?’ என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாத முடிவில் கட்டுரை எழுதத் தொடங்குகிறேன். எண்ணியவர் என்று உன் பெயரும் அச்சில் வரும். ஆயுள் முழுக்க மற்றவர்கள் பெயரையே ஈய எழுத்தில் கோத்துக்கொண்டிருந்த அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

நீ புதிதாக எண்ணலாமே என்று எழுதியிருந்தாய். எண்ண ஆளில்லை அக்கா. இந்தக் காலத்தில் யார் கண்ணை வைத்து வேலை செய்கிறார்கள்? அடக்கம் போதும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். முழங்காலைக் கேட்டதாகச் சொல்லாதே.

உன் தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. நல்லபடியாக முடிந்தது. பிறகு அத்தானுக்குக் காய்ச்சல், பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன், ஏதாவது ஒன்று வந்து கெடுத்தது.

என் பெயரைப் போட வேண்டாம். கேட்டுக்கொள்கிறேன். நான் என்ன படித்தவளா, சம்பளத்துக்குச் செய்த வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலாவது நோட்டு எழுதியது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். அலைச்சலில் கவனம் முன்பின் இருந்திருக்கலாம். அதில் இருக்கும் பதினேழு மண்டலங்களையும் விட்டுவிட்டு, மீதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் என்ன? உனக்குத் தெரியாததா, ஒரு யோசனைக்குச் சொன்னேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி. பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்றா?

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

கண் ஆபரேஷன் என்று முன்னாலேயே ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருப்பேனே. நன்றாக ஓய்வெடு. கறுப்புக் கண்ணாடியில் நீ எப்படி இருப்பாய் என்று பிள்ளைகள் படம் வரைந்திருக்கிறார்கள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் வெளிவருகிறது. அதனால் எதையும் மாற்றுவதற்கில்லை. நீ வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. ஆறு நோட்டிலும் சுத்தமானது நாலாவதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். எதற்கெடுத்தாலும் கேள்வி. அதனால் எல்லோரும் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளும் ‘சந்தேகம் வந்தாச்சு’ என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவாள். போன வாரக் கூட்டத்தில் நான் கட்டுரையைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்தாள்.

“நாலாவது நோட்டுல மட்டும் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே சார். மத்த அஞ்சுலயும் பக்கத்துக்குப் பத்து இருக்கு.”

“கை பழகிட்டா அடித்தல் குறையும்.”

“அப்ப அஞ்சாவது நோட்டுல திரும்ப வருதே. பழகின கை மறந்துபோச்சா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. “எண்ணினது என் அக்கா. அவங்க நேர்மையைப் பத்தி இந்த அறையில இன்னொரு வார்த்தை வேண்டாம்” என்றேன். அதோடு கூட்டத்தை அடுத்த விஷயத்துக்குத் திருப்பினேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

உன் பெயரைப் போட்டாயிற்று. இனி எடுக்க முடியாது.

உன் தம்பி


ஜூன் 3

தம்பி,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெண் பிறகு என்ன சொன்னாள்? இப்போது அவளிடம் பேசுகிறாயா, இல்லையா? அவளுக்கு வேலை இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

இதை மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு வேலையைச் சாக்குச் சொல்லலாம். வேலை இருந்தது, அது பொய்யில்லை. முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், தலையணையை மாற்றிப் பார்த்தேன்.

கட்டுரை வெளிவந்தது. நாலைந்து இடங்களிலிருந்து பாராட்டி எழுதினார்கள். ஒரு பிரதி உனக்கு அனுப்பியிருந்தேன். கிடைத்ததா என்று நீயும் எழுதவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிந்தது. நீட்டிப்பதா வேண்டாமா என்று கமிட்டி கூடியது. ஐந்து பேர், நானும் ஒருவன். தலைமைப் பிரிவிலிருந்து வந்தவர், “உங்க பிரிவுல வேலை பார்த்தவங்க. நீங்க சொன்னா சரி” என்று என்னைப் பார்த்தார். நான் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. ஆதரித்தும் சொல்லவில்லை. ‘கமிட்டி முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்’ என்றேன். பிரிவுத் தலைவனான நானே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன புரிந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கடைசி நாள் அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப் பெட்டி ஒன்றில் புத்தகம், இன்னொன்றில் ஒரு சின்னச் செடியும் மகளின் பழைய செருப்பும். பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவந்து அந்த மேஜைக்கு அடியில் உட்கார வைத்துக்கொள்வாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இனிப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். நான் தற்செயலாகப் போவதுபோல அந்தப் பக்கம் போனேன்.

“வேற எங்கயாவது கிடைக்கும். நான் வேணும்னா சிபாரிசுக் கடிதம் தர்றேன்” என்றேன்.

“வேண்டாம் சார்” என்றாள். பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “நான் உங்க அக்காவைப் பத்திப் பேசவே இல்ல சார். நோட்டைப் பத்திதான் பேசினேன். நீங்கதான் அவங்களைக் கொண்டுவந்து நடுவுல நிறுத்தினீங்க.”

சரி, இதெல்லாம் ஆபீஸில் நடப்பதுதான். உனக்கு எதற்கு இந்த வம்பு. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் தம்பி


செப்டம்பர் 4

தம்பி,

உன் கட்டுரை கிடைத்தது. பிரித்துப் பார்த்து, என் பெயர் இருக்கும் பக்கத்தை அத்தான் பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மே மாதம் பாதியை எழுதிவிட்டுப் பாதியை மென்று முழுங்கினேன். அதற்குள் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விட்டது. இப்போது முழுக்கச் சொல்கிறேன். நாலாவது நோட்டில் இருக்கும் பதினேழு மண்டலங்களை நான் எண்ணவே இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோயாளியைப் பார்க்கும் நேரம் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து. வேறு ஆளில்லை. அத்தானுக்கு அப்போது நெடுந்தூர பஸ்ஸில் வேலை, வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். நான் லீவு கேட்டேன். தற்காலிக ஆளுக்கு லீவு கிடையாது, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அதனால் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பன்னிரண்டரைக்குப் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். அதுவரை கண்ணாடியை மேஜையில் வைத்தாலும் கண்ணில் ஒன்றும் பதியாது. கண்ணாடி அறைக் காவலர் நல்ல மனுஷர், பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிடுவார். ஆனால் சனிக்கிழமை பக்கம் காட்ட வேண்டுமே. வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்து எண்களை எழுதுவேன். பார்க்காமல்தான். முதல் தடவை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுதினேன். நாலாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

எப்படி எழுதினேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியின் காகித உறைமேல் அந்த மண்டலத்தைப் பற்றிய குறிப்பு இருக்கும். எதிலாவது வெடிப்பு கண்டிருந்தால் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். சிவப்பு மை இருந்தால் ஏதோ பெரிய, பரபரப்பான மண்டலம் என்று மனதில் தோன்றும். அதற்குக் கூடுதலாகப் போடுவேன். சிவப்பு இல்லாததற்குக் குறைத்துப் போடுவேன். வேண்டுமென்று செய்ததில்லை, கை அப்படிப் போயிற்று. நீ ‘பதினாறும் ஏழும்’ என்று சந்தோஷமாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. கொத்துக்கும் வெடிப்புக்கும் முடிச்சுப் போட்டது வானம் இல்லை, நான்.

இன்னொன்று. நீ அப்போது வெளியூரில் உதவித்தொகைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் வாராவாரம் ‘அப்பா சௌக்கியம், உன்னை நன்றாகப் படிக்கச் சொன்னார்’ என்று எழுதினேன். அதுவும் பொய். பரீட்சை முடிய மூன்று நாள்தானே, பிறகு தந்தி கொடுக்கலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். நீ வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. மகனை அப்பாவிடமிருந்து தடுத்தவள் நான் என்ற நினைப்பு இருபத்தாறு வருஷமாக என்னை விட்டதே இல்லை. நீ ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அந்தப் பெண்ணிடம் கட்டாயம் காட்டு.

அக்கா


நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த எட்டு வாரமும் நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதலாம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாலாவது நோட்டு பொய் என்று எனக்கு மார்ச் மாதமே தெரியும்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்பு, ஒரு நோட்டை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது எல்லோரும் செய்கிற சாதாரணச் சோதனை. முதலாவதை நீக்கினேன், முடிவு அப்படியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, அப்படியே. நாலாவதை நீக்கியதும் பதினாறு எட்டாகிவிட்டது. ஏழு ஏழாகவே நின்றது. எட்டும் ஏழும். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே மை, ஒரே வேகம், ஓர் அடித்தல் இல்லை. ஏன் என்று தெரியாது, ஆனால் நீ எண்ணவில்லை என்று தெரிந்தது. நோட்டை மூடிவிட்டு, அந்தச் சோதனையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கட்டுரையை அனுப்பினேன். மே மாதம் உன் கடிதம் வந்தபோது ஐந்தே நாளில் பதில் போட்டேனே, நீ மேற்கொண்டு சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் போட்டது. கூட்டத்தில் உன் நேர்மையைக் காப்பாற்றுவதுபோல எழுந்து நின்றேனே, உன்னைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது.

அப்பாவோடு அச்சகத்தில் இருந்த பைண்டர் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு அவர் எனக்கு ஒரு கார்டு போட்டார். ‘அப்பா ஆஸ்பத்திரியில். அக்கா உனக்குச் சொல்ல மாட்டாள். புறப்பட்டு வா.’ இவ்வளவுதான். இரண்டு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், ‘அப்பா சௌக்கியமா?’ என்று. சௌக்கியம் என்று நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். நீ எழுதினாய். அதை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினேன். போன ஜனவரியில் ‘எண்ணிக்கையெல்லாம் சரிதானே?’ என்று கேட்டவனும் அதே ஆள்தான்.

நீ என்னைத் தடுக்கவில்லை அக்கா. நானாகத்தான் வரவில்லை. அந்தப் பாரத்தை நீ சுமக்கிறாய் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

செய்தவற்றைச் சொல்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், சோதனையை மறைத்தது நான்தான் என்றும் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கமிட்டிக்கும் எழுதினேன். பிரிவுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். விசாரணை நடக்கிறது. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு உன் கடிதத்தையும் என் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். பழைய இடத்தைத் திரும்பக் கொடுக்கக் கமிட்டி தயார் என்றும் எழுதினேன். அவள் பதில் மூன்று வரி: ‘திரும்பி வருவதாக இல்லை. ஜனவரியில் வேறு இடத்தில் சேர்கிறேன். அதற்குள் அந்தக் கண்ணாடிகளைப் பார்க்க எனக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள்.’ வாங்கிக் கொடுத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் கேட்கவில்லை என்று அன்றைக்கு நீ சொன்னாய். அது நிஜமா?

தம்பி


டிசம்பர் 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்த அன்று அதைக் கிழித்துவிட்டேன். அத்தான் பொறுக்கி எடுத்து ஒட்டிவைத்திருந்தார். நாலைந்து நாள் அவரே காபி போட்டார்.

பிறகு கண்ணாடி அறைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கே இருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்று, “அந்த நோட்டை எழுதினது நான்தான்மா. பார்க்காம எழுதினேன். உனக்கு வேலை போனதுல எனக்கும் பங்கு இருக்கு” என்றேன். கையிலிருந்த உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். நன்றாகத் திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

“கண் நல்லாத் தெரியுதாம்மா உங்களுக்கு?” என்றாள்.

“வலது கண்ணு நல்லாத் தெரியும்.”

“அப்ப அந்த மேஜையில உட்காருங்க. நீங்க ஒரு தடவை, நான் ஒரு தடவை. முடிக்கிறவரைக்கும் ஒருத்தர் எண்ணை மத்தவர் பார்க்கக்கூடாது.”

மூன்று வாரம், ஞாயிறு நீங்கலாகத் தினமும் போனேன். பதினேழையும் எண்ணினோம். உறைகளை அவள் முதல் நாளே கழற்றி அடுத்த அறையில் பூட்டிவிட்டாள். கண்ணாடியின் மூலையில் ஒரு நம்பர் மட்டும். நேற்று உறைகளைக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்தோம். நான் முந்நூற்று நாற்பது என்று எழுதியிருந்ததில் நூற்றுப் பன்னிரண்டுதான். அறுபது என்று எழுதியதில் இருநூற்றுச் சொச்சம். அவள் பென்சிலால் கூட்டிப் பார்த்தாள். கொத்துகள் அதிகமுள்ள பாதியில் பன்னிரண்டு வெடிப்பு, குறைவான பாதியில் பதினொன்று.

“அப்ப தம்பி சொன்னது தப்பா?” என்று கேட்டேன்.

“தப்புன்னும் சொல்ல முடியாதும்மா. இந்த இருபத்து மூணை வச்சு எதுவுமே சொல்ல முடியாது. அதைத்தான் எழுதப் போறேன்” என்றாள். உன்னைப் பற்றி வேறு ஒன்றும் பேசவில்லை. என் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். இந்தத் தடவை போடலாம் என்றேன்.

இனி, நீ கேட்டது.

அப்பா தூக்கத்தில் போகவில்லை. கடைசி மூன்று நாளும் நினைவோடுதான் இருந்தார். உனக்குத் தந்தி கொடுத்தாயிற்று, வந்துகொண்டிருக்கிறாய் என்று அவரிடமும் பொய் சொல்லியிருந்தேன். வார்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். கட்டில் பக்கத்தில் நாற்காலி கிடையாது. ‘வந்தா அவன் எங்க உட்காருவான்?’ என்று கேட்டார். அன்றிலிருந்து, நீ உட்கார இடம் வேண்டுமென்று இரண்டு காலையும் மடக்கிக்கொண்டே படுத்திருந்தார். ‘நீட்டிக்கோங்கப்பா, வலிக்கும்’ என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். நீட்டவில்லை. போகும்போதும் அப்படியே இருந்தார்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. விசாரணை என்ன ஆனாலும் சரி, அது முடிந்ததும் புறப்பட்டு வா. தனியாக வா. உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது, கடிதத்தில் கேட்க முடியாது. சௌக்கியமா என்று கேட்டு எழுதாதே, நான் பதில் போட மாட்டேன். எந்த பஸ் என்று மட்டும் எழுது.

அக்கா